நூற்று நாற்பத்து நான்கு கட்டங்கள்

காலையில் ஐந்து நாற்பதுக்கு எழுந்துவிடுவேன். அலாரம் வைப்பதில்லை. எங்கள் வீட்டுக் காபி இயந்திரத்தில் இரண்டு கோப்பைக்குக் குறைந்து இறங்காது. ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைத் தொட்டியில் ஊற்றுவேன். ஒரு முட்டை, ஒரு ரொட்டித் துண்டு. தட்டைக் கழுவித் துடைத்து வைப்பேன். பிறகு முழங்கால் பட்டைகளைக் கட்டி, இடுப்பில் பையை மாட்டி, மெட்டல் டிடெக்டரைக் காரின் பின் இருக்கையில் படுக்கவைப்பேன். பூங்காவுக்கு ஏழு நிமிடம்.

ஜூன் பதினேழு, வியாழக்கிழமையும் அப்படித்தான். வேறாக எதுவும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் திட்டமிட்டுப் போனதாக உங்கள் ஆள் ஒருவர் எழுதியிருக்கிறார். திட்டமிட்டுப் போகிறவன், திருப்பிக் கொடுக்க வேண்டிய நூலகப் புத்தகத்தை முன் இருக்கையில் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டான்.

என் பெயர் நோலன் பிரிக்ஸ். வயது முப்பத்தொன்று. பிட்ஸ்பர்க்கில் படித்தேன். இந்த ஊரில் ஒரு நில அளவை நிறுவனத்தில் வேலை. மனைவி மார்னி போன அக்டோபரில் இறந்துவிட்டாள். மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. இருபத்தொன்பது வயது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் மோதிரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவள் இறப்பதற்கு முந்திய ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, பூங்காவில் பேண்டு வாசித்தார்கள். ஓக் மரத்துக்குக் கீழே உள்ள சரிவில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தோம். மார்னி கைக்கு வெயில் களிம்பு தடவுவதற்காகத் திருமண மோதிரத்தைக் கழற்றிப் போர்வை மேல் வைத்தாள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். அவள் போர்வையை உதறிச் சுருட்டினாள். காருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விரலைப் பார்த்தாள்.

அவளையே தேடச் சொன்னேன். நியாயமான கோரிக்கைதான். தினமும் வேலை முடிந்ததும் அவளை அழைத்துப்போய்ச் சரிவின் அடியில் விடுவேன். அவள் முழங்காலில் நகர்ந்து புல்லை விலக்கிப் பார்ப்பாள். நான் மேலே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் விட்டுவிட்ட இடங்களைச் சொல்வேன். மேலிருந்து பார்த்தால்தான் அது தெரியும்.

"போதும் நோலன். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இடது பக்கம் ஒரு கை தள்ளிப் பாரு. அங்க நீ பாக்கவே இல்ல."

ஒன்பது நாள் தேடினாள். கவனக்குறைவு என்றால் என்ன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. முழங்கால்கள் புண்ணானபோது களிம்பு போட்டுவிட்டதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபெர்ன் கஸ்லோவை முதலில் பார்த்தது அப்போதுதான். அறுபத்தாறு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தலையில் ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பி, கையில் மெட்டல் டிடெக்டர் கருவி. நடைபாதையில் வந்தவள் நின்று மார்னியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்திரிம்மா. புல்லுக்குள்ள போன சாமானைக் கண்ணால தேடினா கிடைக்காது. இதுக்குன்னு மெஷின் இருக்கு." பிறகு மேலே நிமிர்ந்து என்னிடம், "துரை அங்க உக்காந்துகிட்டு மேஸ்திரி வேலை பாக்கறாரோ? ரெண்டு முழங்கால் உனக்கும் இருக்குல்ல?"

இது குடும்ப விஷயம் என்றேன். மார்னி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க, கிளம்பிட்டோம்" என்றாள். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அக்டோபரில் இறுதிச் சடங்கு நடத்துகிறவர், "மோதிரம் போட்டே அடக்கம் பண்றதுதானே?" என்று கேட்டார். மோதிரம் இல்லை என்றேன். அவர் மிகவும் கண்ணியமாகத் தலையை ஆட்டிவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் கருவி வாங்கினேன்.

குளிர்காலத்தில் மண் இறுகிக் கிடக்கும். மார்ச்சில் தொடங்கினேன். நகரசபை அனுமதிச் சீட்டு என்னிடம் இருக்கிறது. விடியலிலிருந்து பத்து மணி வரை தேடலாம். மண்வெட்டி கூடாது, கையால் தோண்டும் கத்தி மட்டும். தோண்டிய குழியை மூட வேண்டும். நான் எந்த விதியையும் மீறியதில்லை. புல்லை மூன்று பக்கம் அறுத்து, நான்காவது பக்கத்தை விட்டுவிட்டு, பெட்டி மூடியைப் போலத் திறப்பேன். மண்ணை ஒரு துணியில் அள்ளி வைப்பேன். காசை எடுத்தபின் மண்ணை உள்ளே கொட்டி, மூடியைச் சாய்த்து, காலால் அழுத்துவேன். மறுநாள் எனக்கே இடம் தெரியாது.

சரிவை ஐந்தடிக் கட்டங்களாகப் பிரித்தேன். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பன்னிரண்டு. நூல் கட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு திசையில் நடந்து, வரைபடத்தில் அடித்துவிடுவேன். கருவி மண்ணுக்குள் இருப்பதை ஒரு எண்ணாகவும் ஒரு ஒலியாகவும் சொல்லும். இரும்பின் எண் கீழே, வெள்ளியின் எண் மேலே. நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. பழைய சோடா டப்பாக்களைத் திறக்க இழுத்து எறிவார்களே, அந்த அலுமினிய வளையங்கள் அங்கேதான் ஒலிக்கும். முதல் நாள் மட்டும் நாற்பது வளையங்கள் தோண்டினேன். குப்பையின் ஒலியை மட்டும் அணைத்துவிடலாம் என்று கருவி விற்ற கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த நடுப்பகுதியின் ஒலியை அணைத்துவிட்டேன். அதன்பிறகு பூங்கா அமைதியாகிவிட்டது.

நல்ல காசுகள் கிடைத்தன. கோதுமைக் கதிர் போட்ட ஒரு சென்ட் செம்புக் காசுகள். 1943இன் பத்து சென்ட், முழு வெள்ளி. 1899இன் கால் டாலர் ஒன்று, ஆறு அங்குல ஆழத்தில், புதிது போல. பேண்டு கேட்க வந்த யாரோ தவறவிட்டது. ஒவ்வொன்றையும் தாளில் மடித்துக் கட்ட எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கைப்பற்றிய டப்பாவில் இருக்கிறது.

மே கடைசியில் நூற்று நாற்பத்து நான்கு கட்டங்களையும் அடித்து முடித்தேன். மோதிரம் அங்கே இல்லை. அளந்து முடித்த நிலம் முடிந்ததுதான். என் தொழிலில் அப்படித்தான்.

ஃபெர்ன் தினமும் வருவாள். அவளுக்குக் கட்டம் கிடையாது, நூல் கிடையாது. கருவி முனகினால் போதும், உட்கார்ந்துவிடுவாள். எதையும் விடமாட்டாள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை நிறையக் குப்பை சேர்த்துக்கொண்டு திரிவாள். ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தாள்.

"இன்னிக்கு என்ன கிடைச்சுது தம்பி, வெள்ளியா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க?"

"டப்பா வளையம் முப்பத்தாறு. கோத்தா மாலையாப் போட்டுக்கலாம். யாராவது என்னை மறுபடியும் கட்டிக்க வந்தா, நகை நான் போட்டுக்கறேன்னு சொல்லிடலாம்."

"அதையெல்லாம் ஏன் தோண்டறீங்க? அந்தச் சத்தத்தை அணைச்சிடலாமே."

அவள் பாட்டிலை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அணைச்சா தங்கமும் சேந்து அணைஞ்சுடும் கண்ணு. தங்க மோதிரமும் இந்தக் குப்பையும் ஒரே சுருதியிலதான் கத்தும். மோதிரம் வேணும்னா குப்பையைத் தோண்டித்தான் ஆகணும். இதை உனக்கு யாருமே சொல்லலையா? அய்யோ, எத்தனை நாளா அணைச்சு வச்சிருக்க?"

இரண்டு நாளாக என்று சொன்னேன். பன்னிரண்டு வாரம்.

திரும்ப முதல் கட்டத்திலிருந்து தொடங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நீங்கள் அளவை வேலை செய்ததில்லை. ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அதைத் திரும்ப அளக்கப் போவதென்றால், முதலில் போட்ட கையெழுத்து பொய் என்று ஆகிவிடும். நான் போகவில்லை. வேறு விதமாக யோசித்தேன். மோதிரம் சரிவில் இருந்திருந்தால், அதை எடுத்திருக்கக்கூடியது ஒரே ஒரு ஆள்தான்.

ஜூன் பதினான்காம் தேதி, எங்கள் திருமண நாள், பூங்கா அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "சரிவுப் பக்கம் தங்க மோதிரம் ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே எழுதியிருப்பதைச் சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம்." கீழே ஃபெர்னின் பெயரும் தொலைபேசி எண்ணும். அங்கேயே நின்று அழைத்தேன்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லு தம்பி."

"ஜூன் பதினாலு. எம், என்."

"இல்லப்பா. இது அது இல்ல."

"சரியாப் பாருங்க."

"பூதக்கண்ணாடி வச்சே பாத்துட்டேன்."

"அப்ப அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாதுப்பா. நான் சொல்லிட்டா நாளைக்கு வர்றவன் எல்லாம் அதையே ஒப்பிப்பான். எங்க ஆளுங்க வழக்கம் அது. எழுத்தைச் சொல்ல வேண்டியது சொந்தக்காரன்தான்."

இதைக் கவனியுங்கள். ஒரு பொருள் உங்களுடையது. அது இன்னொருத்தி கையில் இருக்கிறது. உங்களுடையது இல்லை என்கிறாள். யாருடையது என்று சொல்ல மறுக்கிறாள். பார்க்கவும் விடவில்லை. இதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். மூன்று நாள் பொறுத்தேன்.

வியாழன் காலை ஆறு இருபதுக்குப் போனேன். ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் வந்திருந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இன்னும் வரவில்லை. ஃபெர்ன் ஓக் மரத்தடியில் இருந்தாள். கருவியைப் பிடித்திருந்த கையில், சுண்டுவிரலில், மோதிரம் இருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது.

"அது மார்னியோடது" என்றேன்.

"வா தம்பி. இது அவளோடது இல்லப்பா. சொந்தக்காரர் நேத்தே போன் பண்ணிட்டார். உள்ள இருக்கறதை எழுத்துக்கு எழுத்து சொன்னார். முதியோர் இல்லத்துல இருக்கார், பாவம். பத்து மணிக்குக் கொண்டுபோய்க் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். பையில போட்டா மண்ணோட மண்ணாப் போயிடும்னு விரல்ல மாட்டிக்கிட்டேன்."

"கழட்டிக் காட்டுங்க."

அவள் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சிரித்தாள். "பாரு, என் விரலுக்கு வந்த கொழுப்பை. சோப்புப் போட்டாத்தான் விடும் போல."

பிறகு எனக்கு முதுகைக் காட்டினாள்.

தோண்டும் கத்தி என் இடுப்பு உறையில் இருந்தது. ஏழு அங்குலம். ஒரு பக்கம் கூர், மறுபக்கம் வேர்களை அறுப்பதற்கான ரம்பப் பல். முதல் குத்து வலது காதுக்குக் கீழே. அவள் முழங்காலில் விழுந்தாள். கருவியின் ஹெட்போன் அவள் கழுத்தில் கிடந்ததால் இரண்டாவது சரியாக இறங்கவில்லை. கையை உயர்த்தினாள். உள்ளங்கை வழியாகப் போயிற்று. மூன்றாவது போதுமானதாக இருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் தேவையில்லாதவை, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மருத்துவர் பதினேழு என்று எழுதியிருக்கிறார். நான் எண்ணுவதில் தவறுகிறவன் இல்லை. இருந்தாலும் இதில் அவரோடு வாதாடப் போவதில்லை.

மோதிரம் அப்போதும் வரவில்லை. எச்சில் தடவிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றிப் பார்த்தேன். விரல் வீங்கியிருந்தது. ரம்பப் பல் வேர்களுக்கானது என்று சொன்னேன். எலும்புக்கும் உதவுகிறது. ஓக் வேரைவிடச் சுலபம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆயிற்று.

அப்போது அவள் உயிரோடு இருந்தாளா, ஏதாவது சத்தம் கேட்டதா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. நான் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மோதிரத்தைக் கழற்றிய பிறகு விரலை அப்படியே போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பூங்காவைக் குப்பையாக்குகிறவன் இல்லை நான். மூன்று பக்கம் அறுத்து மூடியைத் திறந்தேன். நான்கு அங்குலம். உள்ளே வைத்து, துணியிலிருந்து மண்ணைக் கொட்டி, மூடியைச் சாய்த்து, அழுத்தினேன். அவளுடைய பிள்ளைகள் அதையும் சேர்த்து அடக்கம் செய்ய விரும்புவதாகச் சொன்னீர்கள். நியாயம்தான். ஏழாவது வரிசை, நான்காவது கட்டம், வடகிழக்கு மூலையிலிருந்து இரண்டடி. கருவியைக் கொண்டு தேடச் சொல்லாதீர்கள். அதில் இப்போது உலோகம் எதுவும் இல்லை.

ஃபெர்னைக் குழியில் போட வழியில்லை. மண்வெட்டிக்கு அனுமதி கிடையாது. தொப்பியை எடுத்து முகத்தின் மேல் வைத்தேன். அவளுடைய கருவியை அணைத்தேன். பாட்டரி வீணாக வேண்டாம். குழாயில் கைகழுவி, பின் இருக்கையில் இருந்த சட்டையை மாற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். காத்திருந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். பூங்காவில் புல்வெட்டும் டுவைட் எட்டு மணிக்கே அவளைப் பார்த்துவிட்டான் என்பது மறுநாள் நீங்கள் என் கதவைத் தட்டியபோதுதான் எனக்குத் தெரியும். பாவம் டுவைட். நல்ல பையன். அவன் கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

மோதிரத்தை மேசையில் வைத்து, உள்ளே இருப்பதைப் படிக்கச் சொன்னீர்கள். "ஆர், இ. 1957" என்று இருக்கிறது. பார்த்தேன். எழுத்துகள் மண்ணில் தேயும், உருமாறும். மார்னியின் விரலைவிட இரண்டு அளவு பெரியது என்றீர்கள். வெயிலில் பொன் விரியும். அந்தக் கிழவருக்குத் தொண்ணூறு வயது என்றும், தன் மனைவியின் மோதிரம் என்று எழுத்துக்கு எழுத்துச் சொன்னார் என்றும் சொன்னீர்கள். தொண்ணூறு வயதில் எதைக் கேட்டாலும் தன்னுடையது என்று தோன்றும்.

நேற்று இன்னொன்றைக் கொண்டுவந்தீர்கள்.

ஃபெர்னின் கூட்டாளிகள் பதினான்கு பேர், கருவி வைத்திருக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சரிவுக்கு வந்தார்களாம். அவள் நினைவாக, அவள் தோண்டுகிற முறையில், முனகியதையெல்லாம் தோண்டினார்களாம். ஒரு சாக்கு நிறைய டப்பா வளையங்கள். மூன்றாவது வரிசை, ஒன்பதாவது கட்டத்தில், இரண்டு வளையங்களுக்கு நடுவே, மூன்று அங்குலத்தில் இது இருந்ததாகச் சொன்னீர்கள். மெல்லிய மோதிரம். உள்ளே ஜூன் பதினாலு. எம், என்.

அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். நான் தொடவில்லை. ஜூன் பதினான்காம் தேதி இந்த மாநிலத்தில் எத்தனையோ பேர் திருமணம் செய்துகொள்கிறார்கள். மூன்றாவது வரிசை ஒன்பதாவது கட்டத்தை நான் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே முடித்துவிட்டேன். வரைபடத்தைப் பாருங்கள், அடித்திருக்கிறேன். எனவே அது என் மனைவியுடையதாக இருக்க வழியில்லை. என் மனைவியுடையதை நீங்கள் சாட்சிப் பொருளாக ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். வழக்கு முடிந்ததும் அதைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தட்டச்சு செய்து வந்த வாக்குமூலத்தைப் படித்தேன். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு இடத்தை மட்டும் திருத்த வேண்டும். ஃபெர்ன் கஸ்லோவை நான்தான் கொன்றேன் என்பதில் திருத்தம் இல்லை. அவள் சிரித்துவிட்டு, என்னை மதிக்காமல் முதுகைக் காட்டினாள், அதற்குப் பிறகு பேசவில்லை என்று நான் சொன்னதாக இருக்கிறது. நான் அப்படித்தான் சொன்னேன். சரியாகச் சொன்னால், அவள் திரும்பியது சரிவின் கீழ்ப்பக்கம் நடப்பதற்காக. திரும்பும்போது பையிலிருந்து காலியான ஒரு ரொட்டிப் பையை எடுத்து உதறினாள். அப்போது ஏதோ சொல்லவும் செய்தாள். கத்தி அதற்குள் என் கையில் இருந்தது. பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், வேறு காரணம் இல்லை. அவள் சொன்னது இது:

"உன் பொண்டாட்டி முழங்கால் தேயத் தேடினது எனக்கு மறக்கல தம்பி. அன்னிக்கு அவ எங்க உக்காந்திருந்தான்னு காட்டு, பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு, ரெண்டு பேரும் சேந்தே தோண்டிப் பாத்துடலாம்."